ஒலியை முந்தும் அம்பு இல்லை

செப்டம்பர் பாதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வில் விற்கும் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். போன ஆண்டு தவறவிட்ட மானைப் பற்றிப் பேசாதவர் அங்கே குறைவு. ஆளுக்கு ஆள் காடு மாறுமே தவிர கதை பெரும்பாலும் ஒன்றுதான்: குறி சரியாக இருந்தது, கை நடுங்கவில்லை, அம்பும் நேராகப் போனது, ஆனால் நாண் ஒலி கேட்டதும் மான் சட்டென்று தாழ்ந்துவிட்டது, அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிட்டது. கேட்பவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "உங்கள் வில் மெதுவானது. இன்னும் வேகமான வில் வாங்குங்கள்."

இந்தப் பதில் தவறு. பதினொரு ஆண்டுகளாக வில்லோடு அந்தக் காடுகளுக்குப் போய்வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் நானும் இதை நம்பினேன். நம்பியதால் ஒரு மானைக் காயப்படுத்தி இழந்தேன். ஆகவே இதைக் கடைவாசல் அரட்டை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வேகத்தால் மானை வென்றுவிடலாம் என்ற எண்ணம் கணக்கில் பிழையானது; மானின் உடலைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது; அதன் விளைவை மான்தான் அனுபவிக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். அது குற்றமாகவே நீடிக்க வேண்டும். நான் பேசுவது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போயிருந்த இந்த மான், பாதுகாப்புச் சட்டங்களால் மீண்டு, அதைத் தின்னும் ஓநாய்கள் பல இடங்களில் இல்லாமற்போனதால் பெருகிவிட்டது. உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு என்று அரசு வகுத்த விதிகளுக்குள் அங்கே வேட்டை நடக்கிறது. வில்லுக்கென்றே தனிப் பருவத்தை முதலில் அனுமதித்த மாநிலம் விஸ்கான்சின்தான், 1934-இல். வேட்டையே கூடாது என்பவர்களின் வாதத்தை மதிக்கிறேன். அது வேறொரு கட்டுரைக்குரியது. ஆனால் வேட்டையாடத் துணிந்துவிட்டவனுக்கு, கொல்வதை விரைவாகவும் வலி குறைவாகவும் செய்யும் கடமை உண்டு. என் வாதம் முழுவதும் அந்தக் கடமையிலிருந்து எழுவது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைக்கிறேன். பழைய மாதிரி மரவில்லிலிருந்து அம்பு நொடிக்கு 170 முதல் 190 அடி வேகத்தில் போகும். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் இரு முனைகளிலும் உருளைகளைப் பொருத்தும் காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வேகம் ஏறிக்கொண்டே வந்தது. இன்று சாதாரண வேட்டைக்காரன் கையிலுள்ள காம்பவுண்ட் வில்லே நொடிக்கு 280 அடி வேகத்தில் அம்பை அனுப்புகிறது. விலை கூடினால் வேகமும் கூடும். மான் தாழ்வதற்குக் கொஞ்ச நேரம் தேவை. அம்பு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அந்த நேரம் அதற்குக் கிடைக்காது. எனவே வேகமே மருந்து. கேட்கும்போது பழுதில்லாத வாதமாகத்தான் தெரிகிறது.

இதில் விடுபட்டிருப்பது ஒலியின் வேகம். இலையுதிர்காலக் குளிரில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. அதாவது, நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகம். எந்தத் தொழிற்சாலையும் இந்த இடைவெளியை அடைக்கும் வில்லைச் செய்துவிடவில்லை. நாண் விட்ட கணத்தில் இரண்டு தூதர்கள் புறப்படுகிறார்கள். செய்தி எப்போதும் முதலில் போகிறது, அம்பு பின்னால் போகிறது. எத்தனை நேரம் பின்னால் என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். வேட்டைக்காரர்கள் தூரத்தைக் கெஜத்தில் சொல்வார்கள். ஒரு கெஜம் மூன்று அடி. நொடிக்கு 280 அடி போகும் அம்பு 20 கெஜத்தைக் கடக்க 0.21 நொடி எடுக்கிறது. ஒலி 0.05 நொடியிலேயே மானின் காதில் விழுந்துவிடும். மீதி 0.16 நொடி மானின் கையிருப்பு. 30 கெஜத்தில் கையிருப்பு 0.24 நொடி; 40 கெஜத்தில் 0.32 நொடி. மான் தன் தசைகளை இயக்கத் தொடங்க 0.06 நொடி ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அது எவ்வளவு தாழ முடியும்?

இங்கே இயற்கையே ஒரு வரம்பு போட்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் விலங்கு தன்னைத் தரையை நோக்கித் தள்ளிக்கொள்ள முடியாது. பிடித்துத் தள்ள மேலே எதுவும் இல்லை. கால்களின் பிடியை விட்டுவிட்டு விழத்தான் முடியும். ஆகவே மானின் உடல் புவியீர்ப்பு இழுக்கும் வேகத்தைத் தாண்டித் தாழாது. பள்ளிப் பாடத்தில் படித்த அதே வாய்ப்பாடுதான்: விழும் தூரம் நேரத்தின் இருமடியாகக் கூடும். 20 கெஜத்தில் மான் அதிகபட்சம் 5 சென்டிமீட்டர் தாழலாம். 30 கெஜத்தில் 16 சென்டிமீட்டர். 40 கெஜத்தில் 33 சென்டிமீட்டர். தூரம் இரண்டு மடங்காகும்போது தாழ்வு ஆறு மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

வெள்ளைவால் மானின் நுரையீரலும் இதயமும் சேர்ந்த உயிர்நிலைப் பகுதி, பக்கவாட்டில் பார்த்தால், 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். அதன் நடுவைக் குறிவைத்து விட்ட அம்பு 5 சென்டிமீட்டர் மேலே பட்டால் மான் சில நொடிகளில் விழும். 16 சென்டிமீட்டர் மேலே பட்டால் அம்பு நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டிய சதையில் தைக்கும். 33 சென்டிமீட்டர் என்றால் அம்பு முதுகைத் தொடாமலே போகும். இதில் மிகக் கொடியது நடுவிலுள்ளது. முற்றிலும் தவறினால் மான் பிழைக்கும். சரியாகப் பட்டால் விரைவில் இறக்கும். அரைகுறையாகப் பட்டால் காயத்தோடு ஓடும். அந்த 30 கெஜத் தூரத்தில்தான் பெரும்பாலானோர் தங்களை வல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு நாணை விடுகிறார்கள்.

வேகம் கூடினால் இந்தக் கணக்கு மாறாதா என்று கேட்பார்கள். மாறும், மறைக்க மாட்டேன். நொடிக்கு 320 அடி போகும் அம்புக்கு 30 கெஜத்தில் தாழ்வு ஒன்பது, பத்து சென்டிமீட்டராகக் குறைகிறது. அதே தூரத்தில், அமைதியான மானுக்கு முன்னால், அது உதவிதான். ஆனால் வேகமான வில்லை வாங்கியவர் அதே தூரத்தில் நிற்பதில்லை. நான் பார்த்த வரையில், 280 அடி வில்லோடு 30 கெஜத்தில் விட்டவர் 320 அடி வில் கைக்கு வந்ததும் 40 கெஜத்தில் விடுகிறார். அங்கே அவருடைய தாழ்வு 21 சென்டிமீட்டர். பழைய வில்லோடு பழைய தூரத்தில் நின்றிருந்தால் 16. பணம் கொடுத்து நிலைமையை மோசமாக்கிக்கொண்டார். வேகத்தை வாங்கித் தூரத்தில் செலவழிப்பது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். குறுக்குவில் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதன் அம்பு நொடிக்கு 400 அடி போனாலும், அதை நம்பி 60 கெஜத்தில் விட்டால் மான் 25 சென்டிமீட்டர் தாழ நேரம் இருக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். நொடிக்கு 180 அடி மட்டுமே போகும் மரவில்லோடு 15 கெஜத்தில் நிற்பவர் மானுக்குத் தரும் கால இடைவெளியும், 320 அடி வில்லோடு 30 கெஜத்தில் நிற்பவர் தரும் இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றுதான்: 0.2 நொடி. அதாவது, காம்பவுண்ட் வில்லின் அத்தனை உருளைகளும் கம்பிகளும் செய்யும் வேலையை, பொறுமையாகக் கடந்த 15 கெஜம் செய்துவிடுகிறது.

வேகத்துக்கு வேறு விலையும் உண்டு. ஒரே வில்லிலிருந்து கூடுதல் வேகம் வேண்டுமென்றால் எடை குறைந்த அம்பைப் பூட்டுவார்கள். இழுத்த வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றலில் கனமான அம்பு அதிகப் பங்கை எடுத்துக்கொண்டு போகும். இலேசான அம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் வில்லின் உடலில் அதிர்வாகவும் ஒலியாகவும் தங்கிவிடும். வேகத்துக்காக அம்பின் எடையைக் குறைப்பவர் மானுக்கு அனுப்பும் செய்தியைச் சத்தமாக்குகிறார். தோள் எலும்பில் பட்டால் அந்த இலேசான அம்பு உள்ளே இறங்குவதும் கடினம்.

இனி மானின் உடலுக்கு வருவோம். வேகம் பற்றிய பிழைக்கு அடியில் இன்னொரு பிழை இருக்கிறது: மான் அம்பைத் தவிர்க்கக் குனிகிறது என்ற எண்ணம். அங்குள்ள வேட்டைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'நாணைத் தாண்டுதல்' என்று பொருள்படுகிறது. அனுபவப்பட்ட ஆண்மான் வில்லின் ஒலியை அறியும், அம்பு வரும் திசையைக் கணித்துக் குனியும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். மானைப் புகழ்வது போன்ற இந்தக் கதை உண்மையில் மானைப் பற்றி எதையும் சொல்வதில்லை. தன் தவறுக்கு எதிராளியின் சாமர்த்தியத்தைக் காரணம் காட்டும் கதை அது.

பெரும்பாலான மான்கள் தங்கள் வாழ்நாளில் நாண் ஒலியை முன்பு கேட்டதே இல்லை. அந்த வசந்தத்தில் பிறந்த குட்டியும் அதே மாதிரித்தான் தாழ்கிறது. சுள்ளி முறிந்தாலும், ஓக் மரத்தின் கொட்டை தகரக் கூரையில் விழுந்தாலும், மரத்தில் கட்டிய கேமரா 'கிளிக்' என்றாலும் அதே தாழ்வைப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அது ஓடுவதற்கான முதல் அசைவு. நின்ற இடத்திலிருந்து பாய வேண்டுமென்றால் முதலில் கால்களை மடக்கியாக வேண்டும். நாம் குதிப்பதற்கு முன் முழங்காலை மடக்குவது போல. மடக்கிய கணத்தில் அம்பு வந்துசேர்கிறது. மேலே போனது அம்பு மட்டும்தான். மான் அதை அறியவே இல்லை.

உடலியலில் இதைத் திடுக்கீட்டு அனிச்சை என்கிறார்கள். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. காதில் விழுந்த திடீர் ஒலி, யோசிக்கும் மூளைப்பகுதிக்குப் போகாமல், மூளைத்தண்டின் வழியாக நேரே தண்டுவடத்துக்கு இறங்குகிறது. எலியில் ஒலி விழுந்து பத்து மில்லிநொடிக்குள் கால் தசையில் துடிப்பு தெரிந்துவிடும். மானின் உடல் பெரியது, நரம்பு நீளமானது, நேரம் சற்றுக் கூடும்; ஆனால் பாதை அதே குறுக்குப்பாதைதான். அதில் முடிவெடுக்க இடமில்லை.

மானின் செவித்திறனைப் பற்றியும் மிகைக்கதைகள் உலவுகின்றன. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளைவால் மானின் கேள்விப்புலனை அளந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, அது 250 ஹெர்ட்ஸிலிருந்து 30,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது; மிகக் கூர்மையாகக் கேட்பது 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. நமக்குக் கேட்காத சில உயர்ந்த சுரங்கள் அதற்குக் கேட்கும். ஆனால் இது மந்திரக் காது இல்லை. ஒவ்வொரு காதையும் தனித்தனியே திருப்பி ஒலியின் திசையை அறிவதில்தான் அதன் திறமை இருக்கிறது. சாலையில் மான் மோதாமலிருக்க வாகனங்களில் ஒலிக்கருவி பொருத்தலாமா என்றும் அதே பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். ஒலியால் மானை நம்பகமாக விலக்கிவிட முடியவில்லை. ஒலி ஒன்றுதான் மானின் செயலைத் தீர்மானிக்கிறது என்றால் இப்படி ஆகியிருக்காது.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? ஒலி விழும் நேரத்தில் மான் இருக்கும் மனநிலை. 1951-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள்: ஏற்கெனவே பயந்திருக்கும் விலங்கு அதே ஒலிக்கு அதிகமாகத் திடுக்கிடுகிறது. பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பயம் மூளையின் எந்தப் பகுதியிலிருந்து திடுக்கீட்டுப் பாதையை முறுக்கேற்றுகிறது என்பதையும் கண்டறிந்தன. இருட்டில் தனியே நடக்கும்போது இலை சரசரத்தாலும் துள்ளிவிழுகிறோம். அதே சரசரப்பு பகலில் காதில்கூட விழுவதில்லை. மானுக்கும் இதுவே. வால் ஆடிக்கொண்டிருக்க, நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும் மான் நாண் ஒலிக்குப் பெரும்பாலும் கொஞ்சம்தான் அசைகிறது. சில சமயம் அசைவதே இல்லை. கழுத்தை நிமிர்த்தி, இரு காதுகளையும் முன்னே குவித்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும் மான் ஏற்றிய வில் போன்றது. அதன் முன்னால் நம் வில்லின் வேகம் எத்தனை என்பது பொருட்டே இல்லை.

என் நான்காம் ஆண்டு நவம்பரில் இதைக் கற்றேன். தரையிலிருந்து பதினெட்டடி உயரத்தில், ஓக் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தேன். முதல்நாள் பெய்த பனி உருகி, உதிர்ந்த இலைகள் நனைந்து கிடந்தன. மாலை நாலரை மணிக்கு ஒரு பெண்மான் ஓடையைத் தாண்டி மேலேறி வந்தது. என் தூரமானி 33 கெஜம் காட்டியது. புதிதாக வாங்கிய வில். கடைக்காரர் காகிதத்தில் எழுதிக்கொடுத்த வேகம் எனக்கு மனப்பாடம். அணில் ஒன்று இலைகளுக்குள் தாவியது. மான் தலையை நிமிர்த்தியது, காதுகளைத் திருப்பியது, அப்படியே சிலையாக நின்றது. நின்றுவிட்டதே என்று மகிழ்ந்தேன். குறி வைத்து விட்டேன்.

அம்பின் வாலில் பொருத்திய பச்சை விளக்கு பறந்தது தெரிந்தது. மானின் முதுகு கீழே அமிழ்ந்ததும் தெரிந்தது. விளக்கு அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே, மானின் உடலுக்குள் அணைந்தது. இருட்டும்வரை காத்திருந்து, பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு, டார்ச்சோடு தேடினோம். எழுபது கடந்தவர், எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். முதல் ஐம்பது கெஜத்துக்கு இலைகளில் இரத்தம் பொட்டுப் பொட்டாக இருந்தது. கிளிஞ்சல் நிறத்துக் காய்ந்த புல் ஒன்றின் முனையில், என் தொடை உயரத்தில், ஒரு துளி. பிறகு ஓடைக்கரையில் ஒன்றுமில்லை. மறுநாள் விடிந்து நண்பகல் வரை தேடியும் அது கிடைக்கவில்லை.

வில்லின் வேகத்தை அவரிடம் சொல்லி அங்கலாய்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அது எங்கே நின்றது என்று சொன்னாய். எப்படி நின்றது என்று சொல்லவில்லையே?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் படமெடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். நண்பர் ஒருவர் 30 கெஜத்தில் விட்ட அம்பை, நொடிக்கு 240 சட்டகங்கள் எடுக்கும் கைப்பேசியில் பதிவுசெய்திருந்தார். ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தோம். நாண் விட்ட சட்டகத்திலிருந்து எண்ணினால், இருபதாவது சட்டகம் வரை மான் ஓவியம் போல அப்படியே இருந்தது. அதுவரை ஒலி பயணத்தில் இருந்தது. பிறகு காது ஒன்று சுண்டியது. முப்பத்தைந்தை ஒட்டி முன்னங்கால் முட்டிகள் தளர்ந்தன. நெஞ்சு முதலில் இறங்கியது. கூடவே உடல் வலப்புறம் திரும்பியது. எழுபத்தேழாவது சட்டகத்தில் அம்பு வந்தபோது, குறிவைத்த மான் அந்த இடத்திலேயே இல்லை. அங்கே இருந்தது தாழ்ந்தும் திரும்பியும்விட்ட வேறொரு உடல். அந்தத் திரும்பலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்பு மேலே மட்டும் போவதில்லை, பின்னாலும் போகிறது. பின்னால் இருப்பது குடல். குடலில் அடிபட்ட மான் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வேகக் கட்சியினர் தோற்கும்போது இரண்டாவது மருந்தை எடுப்பார்கள்: மான் எப்படியும் தாழும், ஆகவே தாழ்த்திக் குறிவை. இதில் ஒரு பாதி நல்ல அறிவுரை. 20, 25 கெஜத்தில் உயிர்நிலைப் பகுதியின் கீழ்ப்பாதியை, இதயத்தைக் குறிவைத்தால், மான் அசையாவிட்டால் இதயம், தாழ்ந்தால் நுரையீரல். இரண்டும் விரைவான சாவு. அதை நானும் செய்கிறேன். ஆனால் 40 கெஜத்தில் வயிற்றுக் கோட்டுக்குக் கீழே, வெறும் காற்றைக் குறிவைக்கச் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது. மான் 33 சென்டிமீட்டர் தாழும் என்பது உச்ச வரம்பு. அது தாழாமலும் இருக்கலாம், பாதி தாழலாம், தாழும்போதே திரும்பலாம். எதைச் செய்யும் என்று அதற்கே தெரியாது. ஒரு விலங்கின் திடுக்கீட்டின் மீது பந்தயம் கட்டி அம்பை விடுவதற்குக் குறி என்று பெயரில்லை.

மூன்றாவது மருந்து இன்னும் பிரபலம். நடந்துபோகும் மானை நிறுத்த வாயால் 'மே' என்று கத்துவது. மான் நிற்கும், உண்மை. எப்படி நிற்கும்? தலையைத் தூக்கி, ஒலி வந்த மரத்தையே உற்றுப் பார்த்து, உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கும். அடுத்த நொடி அதே திசையிலிருந்து நாண் ஒலி வருகிறது. பயத்தை நாமே ஊட்டிவிட்டு, பிறகு அது பயந்துவிட்டது என்று குறைசொல்கிறோம். பத்துப் பதினைந்து கெஜத்தில் இதனால் பெரிய சேதமில்லை, தாழ நேரமில்லை. அதற்கு அப்பால், நிறுத்திய மானைவிட நிற்காமல் போய்விட்ட மான் மேல்.

'நீங்கள் சொல்வது பழங்காலத்து வேட்டை, இன்றைக்கு யாருக்கு அவ்வளவு பொறுமை' என்று கேட்பவர்களுக்கு இஷியைப் பற்றிச் சொல்வேன். கலிபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக எஞ்சியவர் அவர். 1911-இல் ஓரோவில் ஊருக்கருகே தனியாளாக வெளியே வந்தார். அவரிடமிருந்து வில்வித்தை கற்ற சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் 1923-இல் எழுதிய நூல்தான் அமெரிக்காவில் இன்றைய வில் வேட்டைக்கு விதை போட்டது. நாட்டின் பெரிய வில் வேட்டைச் சங்கம் ஒன்று போப்பின் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங் பெயரையும் தாங்கியிருக்கிறது. இஷி வேட்டைக்கு முன்நாள் மீன் தின்னமாட்டார், புகைக்கமாட்டார், குளித்துவிட்டுப் போவார். பதம்செய்த மான்தலையைத் தன் தலையில் அணிந்து புதருக்குள் ஒடுங்கி, மானே ஆவலோடு நெருங்கி வரும்வரை காத்திருப்பார். அவர் வேட்டையாடியது வேறு வகை மான். ஆனால் காதும் நரம்பும் புவியீர்ப்பும் வேறல்ல. தூரத்தை அம்பால் கடக்க அவர் முயலவில்லை, காத்திருப்பால் கடந்தார். அவரிடமிருந்து தொடங்கிய ஒரு கலை, அவர் கற்றுக்கொடுத்ததன் சாரத்தை விட்டுவிட்டு வேக எண்களைப் பிடித்துக்கொண்டது எனக்குத் துயரம் தருகிறது.

வலிமையைப் புகழ்வது நம் மரபிலும் உண்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பு துளைத்த வல்வில் ஓரியைப் புறநானூறு பாடுகிறது. அந்தப் பாட்டின் மிடுக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் பரணில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருவது அகநானூற்றின் நான்காம் பாட்டு. காதலியிடம் விரையும் தலைவன், வழியில் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் மிரண்டுவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கும் வேகம் தேவையாகத்தான் இருந்தது. ஆயினும் தன்னிடமிருந்து எழும் ஒலி பிற உயிரின் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பார்த்தான். நான் கொல்லப் போகிறவன். அவனோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்த நினைப்பைக் கற்றுக்கொள்ளத் தகுதி தேவையில்லை.

ஆகவே நான் செய்வது இவ்வளவுதான். நாணில் கம்பளி நூல் குஞ்சங்களைக் கட்டியிருக்கிறேன், அதிர்வைக் குடித்துக்கொள்ளும். கனமான அம்பு பூட்டுகிறேன். வேகம் குறைந்தது, வில் அடங்கிவிட்டது. ஓசையே இல்லாத வில் கிடையாது. பறக்கும் அம்பின் இறகுகூடச் சீறும். அதனால் இதை மட்டும் நம்புவதில்லை. பரணை மான்தடத்திலிருந்து இருபது கெஜத்துக்குள் கட்டுகிறேன், அதற்காகக் கோடை முழுவதும் தடம் பார்க்கிறேன். 25 கெஜத்துக்கு அப்பால் நாணை விடுவதில்லை. அதற்குள்ளும், நிமிர்ந்து நிற்கும் மானுக்கு விடுவதில்லை. போன நவம்பரில் 22 கெஜத்தில் ஒரு பெரிய ஆண்மான் காதைக் குவித்து நின்றது. இழுத்த நாணை மெல்லத் திரும்ப விட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அது ஓடைப்பக்கம் இறங்கிப் போனது. அந்த ஆண்டு எனக்கு இறைச்சி இல்லை.

இதற்கு ஒரு பருவம் போய்விட்டதே என்பார்கள். போகட்டும். கிடைக்காத இறைச்சி என் வீட்டுக் குறை. ஓடைக்கரையில் இரத்தம் நின்றுபோன இடத்துக்கு அப்பால் நடந்தது அந்தப் பெண்மானின் சாவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்தச் செப்டம்பரிலும் யாராவது கடையில் வந்து, குறி சரியாக இருந்தது, மான்தான் குனிந்துவிட்டது என்று சொல்வார். வில்லின் வேகத்தைக் கேட்காதீர்கள். எத்தனை கெஜத்தில் நின்றது என்று கேளுங்கள். பிறகு, எப்படி நின்றது என்று கேளுங்கள். அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். நானும் அன்றைக்கு அந்த இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், அப்படித்தான் யோசித்துக்கொண்டு நின்றேன்.